நெடுக்கு வரியா, குறுக்குப் பள்ளமா: நகம் பார்க்கக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆடி வெள்ளிக்கு வைத்த மருதாணியைத் தொடர்ந்து கவனித்திருக்கிறீர்களா? உள்ளங்கையில் இருப்பது இரண்டு வாரத்தில் மங்கிவிடும். நகத்தில் ஏறிய சிவப்பு போகாது. அது அப்படியே மேலே நகர ஆரம்பிக்கும். அடியில் வெறும் நகம் எட்டிப் பார்க்கும். புரட்டாசி முடிவதற்குள் பாதி நகம் வெளுத்துவிடும். கார்த்திகை தீபத்தன்று நுனியில் ஒரு சிவப்புக் கீற்றுதான் மிச்சம் இருக்கும். அதையும் வெட்டிப் போட்டுவிடுவோம்.

நகத்தைப் புரிந்துகொள்ள இது ஒன்று போதும். இன்று அடியில் உருவாகும் நகம் நான்கு முதல் ஆறு மாதம் கழித்து நுனிக்கு வந்து சேர்கிறது. நடுவில் உடம்புக்கு ஏதாவது நேர்ந்திருந்தால் அந்தத் தடமும் மருதாணி மாதிரியே மேலேறி வரும். அதாவது கடந்த ஆறு மாதக் கதை விரல் நுனியிலேயே எழுதியிருக்கிறது.

கடலூரில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவில் இருக்கும் பெரியவர்கள் சிலருக்கு நகம் வெட்டிவிடுகிறேன். இரண்டு விதமான ஆட்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒருவர், வயசுக்கு வரும் சாதாரண வரியைப் பார்த்து ஏதோ பெரிய வியாதி என்று தூக்கம் கெடுகிறவர். இன்னொருவர், கட்டாயம் டாக்டரிடம் காட்ட வேண்டிய ஒன்றை ‘வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிடுகிறவர். இந்த இரண்டாவது ஆள்தான் எனக்குக் கவலை. அந்தத் தப்பை நானே என் வீட்டில் செய்திருக்கிறேன், அதைக் கீழே சொல்கிறேன். நகம் நோயின் பெயரைச் சொல்லாது, எந்தப் பக்கம் தேட வேண்டும் என்றுதான் காட்டும். மீதியை ரத்தப் பரிசோதனையும் டாக்டரும்தான் சொல்ல முடியும்.

படி 1: நாளும் வெளிச்சமும்

மாதத்தில் ஒரு நாள் போதும். பல வீடுகளில் வெள்ளிக்கிழமை நகம் வெட்ட மாட்டார்கள், விளக்கு வைத்த பிறகும் வெட்ட மாட்டார்கள். அதனால் மாதத்தின் முதல் ஞாயிறு காலை என்று வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கே கடல் இருக்கிற ஊர் நம்முடையது, காலை வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. திண்ணையிலோ ஜன்னலோரமோ உட்கார்ந்து பாருங்கள். ட்யூப் லைட்டில் எல்லா நகமும் கொஞ்சம் வெளிறித்தான் தெரியும்.

நகப்பூச்சு இருந்தால் முதல் நாளே அழித்துவிடுங்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, பத்து நிமிடம் காயவிட்டு அப்புறம் பாருங்கள். கால் நகத்தை மறக்காதீர்கள். மருதாணி வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் ஒவ்வொரு கையிலும் ஒரு விரல் நகத்தையாவது வைக்காமல் விடுங்கள். மருதாணிக்கு அடியில் வெளிறலும் தெரியாது, நீலமும் தெரியாது.

சந்தேகமான நகம் இருந்தால் பக்கத்தில் பிள்ளைகளின் ஸ்கேலை வைத்து போனில் ஒரு படம் எடுங்கள். அடுத்த மாதம் அதே நகம், அதே தூரம், இன்னொரு படம். ‘போன தடவையும் இப்படித்தான் இருந்ததா?’ என்ற கேள்விக்கு ஞாபகத்தைவிடப் படம் நல்ல பதில் சொல்லும்.

படி 2: எது எங்கே இருக்கிறது

கெட்டியாக இருப்பது நகத்தட்டு. அதற்கு அடியில் இளஞ்சிவப்பாகத் தெரிவது நகப்படுக்கை, அந்தச் சிவப்பு உள்ளே ஓடும் ரத்தத்தின் நிறம். அடியில் வெள்ளையாக அரை வட்டம் தெரிகிறதே, அது பிறை. நகத்தின் வேர் பிறைக்குக் கீழே தோலுக்குள் மறைந்திருக்கிறது. வேரை மூடி, நகத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய தோல், தண்ணீரும் கிருமியும் உள்ளே போகாமல் அடைக்கிற சீல் மாதிரி. பியூட்டி பார்லரில் அதை வெட்டி எடுத்துச் சுத்தம் செய்யச் சொல்லாதீர்கள்.

பிறை கட்டைவிரலில் நன்றாகத் தெரியும், சுண்டுவிரலில் பலருக்குத் தெரியவே தெரியாது. வயது ஏற ஏறச் சிறியதாகும். பிறை இல்லை என்பதற்காக மட்டும் பயப்பட வேண்டாம்.

இன்னொன்றையும் பழகி வையுங்கள். கையை நெஞ்சு மட்டத்துக்கு உயர்த்தி, ஒரு விரல் நகத்தை ஐந்து நொடி அழுத்திவிட்டு விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். குளிரில் இருந்தாலும் வயது ஆகியிருந்தாலும் இன்னும் சற்று நேரம் எடுக்கலாம். டெங்கு காய்ச்சல் வந்த குழந்தைக்கு கை கால் சில்லிட்டு, நகம் சிவக்க நேரமானால் அது காத்திருக்கும் விஷயம் இல்லை, உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

படி 3: உங்கள் நகத்தின் வேகம்

கை நகம் சராசரியாக மாதம் 3 மி.மீ. வளரும். கால் நகம் அதில் பாதி வேகம்தான். கை நகம் முழுதாகப் புதிதாக வர ஏறக்குறைய 6 மாதம். கால் கட்டைவிரலுக்கு 12 முதல் 18 மாதம். நடுவிரல் நகம் சீக்கிரம் வளரும், சுண்டுவிரல் பின்தங்கும்.

வயதானால் இந்த வேகம் குறைகிறது. வில்லியம் பீன் என்ற அமெரிக்க டாக்டர் தன் கட்டைவிரல் நகத்தை 35 வருடம் விடாமல் அளந்தார். மாதம் பிறந்ததும் நகம் தோலிலிருந்து வெளிப்படும் இடத்தில் அரத்தால் ஒரு கோடு போட்டு, அது நுனிக்கு எப்போது வருகிறது என்று குறித்துக்கொள்வார். 32 வயதில் ஒரு நாளைக்கு 0.123 மி.மீ. வளர்ந்த நகம், 67 வயதில் 0.095 மி.மீ. ஆகியிருந்தது. 1980இல் அதை மருத்துவ இதழில் எழுதினார்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நகத்தில் தடம் பார்த்துத் தேதி கணக்குப் போடும்போது வயதும் வேண்டும். அடியிலிருந்து 9 மி.மீ. தள்ளி ஒரு பள்ளம் இருக்கிறது என்று வையுங்கள். 32 வயதுக்காரருக்கு அது 73 நாள் பயணம். 67 வயதுக்காரருக்கு 95 நாள். வேர் தோலுக்குள் இருப்பதால், தடம் வெளியே தலைகாட்ட ஆன சில வாரங்களையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அரத்தால் கோடு போட வேண்டாம். மருதாணியே போதும், அதன் அடி விளிம்பை மாதம் ஒரு தடவை ஸ்கேல் வைத்து அளந்தால் உங்கள் வேகம் தெரிந்துவிடும்.

படி 4: நெடுக்கா, குறுக்கா? ஒரு விரலா, எல்லா விரலுமா?

புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் இந்த இரண்டு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

அடியிலிருந்து நுனி நோக்கி ஓடும் மெல்லிய மேட்டு வரிகள், கோரைப்பாய் மாதிரி நெருக்கமாக, எல்லா விரலிலும் இருந்தால் அது பெரும்பாலும் வயசு. முகத்தில் சுருக்கம் விழுகிற மாதிரி. நாற்பதுக்கு மேல் மெதுவாக ஆரம்பிக்கும், அறுபதில் பலருக்கு இருக்கும். சிலருக்கு அந்த வரியில் மணி கோத்த மாதிரி சின்னச் சின்னப் புடைப்பும் இருக்கும். அதை அரத்தால் தேய்த்துச் சமன் செய்யாதீர்கள், நகம் மெலிந்து பிளக்கும்.

ஆனால் நகத்தின் குறுக்கே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பள்ளம் இருந்தால் அது வேறு கதை. வேர் சில நாள் வேலையை நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்த இடம் அது. ஜோசப் பூ என்ற பிரெஞ்சு டாக்டர் 1846இலேயே இதை எழுதிவைத்தார், அதனால் அவர் பெயரிலேயே பூ கோடு என்கிறார்கள்.

போன தை மாதம் எங்கள் தெரு ஆட்டோக்காரத் தம்பி ஒருவர் கையை நீட்டினார். “சிஸ்டர், பத்து நகத்துலயும் பூஞ்சை வந்துடுச்சு, பாருங்க.” பார்த்தேன். பூஞ்சை என்றால் பத்து விரலிலும் ஒரே உயரத்தில் கோடு பிடித்த மாதிரி வராது. நகவெட்டியின் முனையை மெதுவாக நகத்தின் மேல் நகர்த்தினால், ஒரு இடத்தில் டக்கென்று பள்ளத்தில் இறங்கி ஏறியது. ஸ்கேல் வைத்தேன், அடியிலிருந்து 6 மி.மீ. சரி, அது இரண்டு மாதம். வேரிலிருந்து வெளியே வர இன்னும் சில வாரம். “ஐப்பசியில உடம்புக்கு என்னப்பா?” என்று கேட்டேன். அந்த அடைமழையில் டெங்கு வந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்ததாக அப்புறம்தான் சொன்னார். அவருக்கு மருந்தே தேவையில்லை. அந்தப் பள்ளம் தானாகவே நுனிக்கு வந்து வெட்டுப்பட்டுப் போய்விடும்.

கடும் காய்ச்சல், நிமோனியா, பெரிய ஆபரேஷன், கீமோதெரபி, உடம்பை உலுக்கிய எதுவும் இப்படித் தடம் விடலாம். கீமோ எடுத்தவர்களுக்கு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கோடாக அடுக்கடுக்காக இருக்கலாம். குழந்தைகளுக்குக் கை, கால், வாய்க் கொப்புளக் காய்ச்சல் வந்து போன ஒன்றிரண்டு மாதத்தில் நகமே அடியிலிருந்து கழன்று வரலாம். தாய்மார்கள் பதறிப்போய்த் தூக்கிக்கொண்டு வருவார்கள், ஆனால் அடியில் புது நகம் ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருக்கும்.

ஒரே விரலில் மட்டும் குறுக்குப் பள்ளம் என்றால் அந்த விரலைக் கேளுங்கள்: கதவிடுக்கில் நசுங்கியதா, நகச்சுத்தி வந்ததா? கட்டைவிரல் நடுவில் மட்டும் ஏணிப்படி மாதிரி வரிசையாகப் பள்ளம் இருந்தால், ஆள்காட்டி விரலால் அடித்தோலை நெருடும் பழக்கம் இருக்கும். பேசும்போதே செய்துகொண்டிருப்பார்கள், அவர்களுக்கே தெரியாது.

படி 5: ஒரு சொட்டுத் தண்ணீர்

என் மாமியாருக்கு எழுபது தாண்டியிருந்தது. நகம் மெலிந்து, நுனி ஏடு ஏடாகப் பிரிந்து, முந்தானையில் மாட்டிக்கொண்டே இருக்கும். “நகம் ஏம்மா இப்படி ஆயிடுச்சு?” என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டார். “வயசுதான் அத்தை, தேங்காய் எண்ணெய் தடவுங்க” என்றேன். வார்டில் இத்தனை வருடம் இருந்தவள் அப்படிச் சொன்னேன்.

ஆறு மாதம் கழித்து திருவந்திபுரம் போயிருந்தோம். ஹயக்ரீவர் மலைப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டார், மூச்சு வாங்கியது. படியில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் அந்த நகங்களைச் சரியாகப் பார்த்தேன். வெளிறிப்போய், நடுவில் குழிந்து, ஓரங்கள் மேலே தூக்கி, சின்னக் கரண்டி மாதிரி இருந்தன. பாட்டில் தண்ணீரை ஒரு சொட்டு அந்த நகத்தில் விட்டேன். நல்ல நகத்தில் அது வழிந்து ஓடிவிடும். அங்கே அப்படியே நின்றது.

ஹீமோகுளோபின் 7 இருந்தது. பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13க்குக் கீழே இருந்தாலே ரத்தசோகை என்று கணக்கு. காரணம் தேடினால், மூட்டுவலிக்குக் கடையில் வாங்கித் தொடர்ந்து போட்ட மாத்திரை வயிற்றில் புண்ணாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசிந்துகொண்டிருந்திருக்கிறது.

குழிந்த நகம் கண்டால் செய்ய வேண்டியது இதுதான்: ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஹீமோகுளோபின் பாருங்கள், முடிந்தால் உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். குறைவு என்று தெரிந்தால் சத்து மாத்திரையோடு நின்றுவிடாதீர்கள். வயசுப் பெண்களுக்கு மாதவிலக்கில் அதிகப் போக்கு இருக்கலாம், குழந்தைகளுக்குக் கொக்கிப்புழு இருக்கலாம். மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ ஆணுக்கோ இரும்புச்சத்து குறைந்தால், ரத்தம் எங்கே போகிறது என்று வயிற்றையும் குடலையும் பார்த்தே ஆக வேண்டும். மூலம் இருக்கிறது, அதனால்தான் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். முருங்கைக்கீரை நல்லதுதான், ஆனால் 7இல் இருப்பவருக்குக் கீரை மட்டும் போதாது. மாத்திரையை டீ, காபியோடு போடாதீர்கள், உடம்பில் சேராது.

அத்தைக்கு சிகிச்சை ஆரம்பித்து மூன்று மாதத்தில் நகத்தில் ஒரு எல்லை தெரிந்தது. அடிப்பாதி வழுவழுப்பாக, இளஞ்சிவப்பாக, மேல்நோக்கிக் குவிந்து. மேல்பாதி இன்னும் பழைய குழியாக. அந்த எல்லை மேலே ஏற ஏற அவர் படியேறுவதும் சுலபமானது.

கைக்குழந்தைகளுக்குக் கால் கட்டைவிரல் நகம் குழிந்திருப்பது பெரும்பாலும் சாதாரணம், வளர வளரச் சரியாகும். தொழிலாலும் நகம் கெடும். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்களின் விரலை ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் கறுப்பாக்கித் தோலை அரித்துவிடும். சாம்பலோ விளக்கெண்ணெயோ தடவிக்கொண்டுதான் உட்காருவார்கள். அந்தக் கறைக்கு அடியில் ரத்தசோகை இருந்தால் கை நகத்தில் தெரியாது. அவர்களுக்குக் கீழ் இமையின் உட்பக்கத்தையும் நாக்கையும் கால் நகத்தையும் பாருங்கள்.

படி 6: நிறம்

சிறு வயதில் மாலையில் வயல் மேல் கொக்குக் கூட்டம் போனால் நகத்தோடு நகத்தை உரசிக்கொண்டு ‘கொக்கே கொக்கே பூப்போடு’ என்று கத்தியிருப்போம். நகத்தில் ‘பூ’ என்று நாம் சொல்லும் அந்த வெள்ளைப் புள்ளி கால்சியம் குறைவால் வருவதில்லை. வேரில் எப்போதோ பட்ட சின்ன அடி. பூ நுனிக்கு வந்து தானாகப் போய்விடும். அதற்காகக் கால்சியம் மாத்திரை வாங்க வேண்டாம்.

நகம் முழுக்க வெள்ளையாகி, நுனியில் மட்டும் ஒன்றிரண்டு மி.மீ. சிவப்புப் பட்டை மிச்சம் இருந்தால் டெர்ரி நகம் என்பார்கள். ரிச்சர்ட் டெர்ரி 1954இல் கல்லீரல் சுருங்கிய நோயாளிகளிடம் அதைக் கவனித்தார். இதய பலவீனத்திலும் சர்க்கரை நோயிலும் வரும், வெறும் வயதாலும் வரும். அதனால் வயதானவருக்கு இது இருந்தால் கூடவே கால் வீக்கம், வயிறு உப்பல், கண் மஞ்சள், மூச்சிரைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஏதாவது ஒன்று இருந்தால் காட்டுங்கள். அடிப்பாதி வெள்ளை, மேல்பாதி பழுப்பு என்று சரிபாதியாகப் பிரிந்திருந்தால் சிறுநீரகத்தைச் சந்தேகிக்க வேண்டும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்கச் சொல்வார்கள்.

குறுக்கே இரண்டிரண்டாக வெள்ளைப் பட்டை ஓடி, அழுத்தினால் மறைந்து, மாதக்கணக்கில் நகராமல் ஒரே இடத்தில் இருந்தால் ரத்தத்தில் அல்புமின் புரதம் குறைந்திருக்கலாம். நகராததற்குக் காரணம், அது நகத்தட்டில் இல்லை, அடியில் படுக்கையில் இருக்கிறது. முதல் படியில் சொன்ன படங்கள் இங்கேதான் கைகொடுக்கும்.

நீலம்: உதடும் சேர்ந்து நீலமாக இருந்தாலோ மூச்சு திணறினாலோ 108ஐ அழையுங்கள். வேறு எதுவும் யோசிக்க வேண்டாம். பச்சை: தூக்கி நிற்கும் நகத்துக்கு அடியில் ஈரத்தில் வளரும் பாக்டீரியா. மஞ்சள்: மஞ்சள் பூசிய கை, சிவப்பு நகப்பூச்சின் கறை, பூஞ்சை, வயது, சோரியாசிஸ் என்ற தோல் நோய், இந்த வரிசையில் யோசியுங்கள். சோரியாசிஸ் என்றால் ஊசியால் குத்திய மாதிரிச் சின்னக் குழிகளும் இருக்கும்.

கறுப்பில் நிதானமாக நிற்க வேண்டும். நம் நிறத்துக்காரர்களில் பலருக்குப் பல விரலில் அடியிலிருந்து நுனி வரை பழுப்புக் கோடு இயல்பாகவே இருக்கும். நெடுக்கு வரி என்றால் வயசு என்று மேலே சொன்னது மேடாக ஓடும் வரியைப் பற்றி. நிறத்தோடு ஓடும் கோட்டை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரே விரலில், அதுவும் கட்டைவிரலிலோ கால் கட்டைவிரலிலோ புதிதாக ஒரு கறுப்புக் கோடு வந்து, மாதா மாதம் அகலமாகி, 3 மி.மீ. தாண்டி, நுனியைவிட அடியில் அகலமாக இருந்தாலோ, கறுப்பு அடித்தோலுக்கும் பரவியிருந்தாலோ அது மெலனோமா என்ற புற்றுநோயாக இருக்கலாம். வலிக்காது. வலிக்கவில்லை என்பதால்தான் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். அந்த வாரமே தோல் டாக்டரிடம் போங்கள்.

இடித்துக்கொண்டதில் கட்டிய ரத்தமும் கறுப்பாகத்தான் இருக்கும். வித்தியாசம் கண்டுபிடிக்க வழி இருக்கிறது: கட்டிய ரத்தம் நகத்தோடு நகரும். கை நகத்தில் ஒரு மாதத்தில் அடியில் 3 மி.மீ. சுத்தமான நகம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் காட்டுங்கள்.

படி 7: இரண்டு விரலைச் சேர்த்துப் பாருங்கள்

இரண்டு ஆள்காட்டி விரலையும் நகத்தோடு நகம் முதுகு ஒட்டும்படி சேர்த்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நகங்களின் அடிப்பக்கத்தில் சீட்டுக்கட்டு டைமண்ட் மாதிரி ஒரு சின்ன இடைவெளி தெரிய வேண்டும். அது அடைபட்டு, விரல் நுனி தடித்து, நகம் கிளிமூக்கு மாதிரி வளைந்திருந்தால், நெஞ்சு எக்ஸ்ரேயில் ஆரம்பிக்க வேண்டும். நுரையீரல் புற்றுநோய், நாள்பட்ட நுரையீரல் சீழ், பிறவி இதய நோய், கல்லீரல், குடல் நோய்கள் என்று காரணம் பல. நீண்ட நாள் பீடி, சிகரெட் பிடித்தவருக்கு இந்த இடைவெளி இல்லை என்றால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். தென்னாப்பிரிக்க இதய மருத்துவர் லியோ ஷாம்ராத், தன் இதயத்தில் தொற்று வந்தபோது தன் விரலிலேயே இந்த இடைவெளி மறைந்ததையும் குணமானதும் திரும்பி வந்ததையும் பார்த்து, 1976இல் இதை எழுதினார்.

படி 8: தண்ணீரில் இருக்கும் கைகள்

முதுநகர் துறைமுகத்தில் ஐஸிலும் மீனிலும் கை வைக்கிறவர்கள், பாண்டி பெரிய மார்க்கெட்டில் மீன் கழுவுகிறவர்கள், வீட்டில் பாத்திரம் தேய்த்து மாவு கரைக்கிறவர்கள், இவர்களுக்கு நகம் பிளப்பது பெரும்பாலும் சத்துக் குறைவால் இல்லை. நகம் தண்ணீரில் ஊறி உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஒரு நாளில் இருபது தடவை இது நடந்தால் ஏடு பிரியும். வேலை முடிந்ததும் கையைத் துடைத்து, நகத்திலும் அதன் ஓரத் தோலிலும் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். ரப்பர் கையுறை போட முடிந்தால் உள்ளே பருத்திக் கையுறை ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

நகச்சுத்தி வந்தால் எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் சொருகுவது நம் வீட்டு வழக்கம். ஆரம்பச் சிவப்புக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் பதினைந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை விரலை வைத்திருப்பதே நல்லது. சீழ் தெரிந்தாலோ சிவப்பு விரலில் ஏறினாலோ டாக்டர். சர்க்கரை உள்ளவர்கள் முதல் நாளே போக வேண்டும், எலுமிச்சம்பழம் வேண்டாம்.

நகம் தடித்து, மஞ்சளாகி, அடியில் மாவு மாதிரி உதிர்ந்தால் பூஞ்சையாக இருக்கலாம். சோரியாசிஸும் அப்படியே இருக்கும், அதனால் நகத் துண்டைப் பரிசோதித்த பிறகே மருந்து ஆரம்பியுங்கள். சாப்பிடும் மாத்திரை கை நகத்துக்கு 6 வாரம், கால் நகத்துக்கு 12 வாரம் வரை போகும், கல்லீரல் பரிசோதனையும் சேர்த்துச் செய்வார்கள். கோர்ஸ் முடிந்த அன்று நகம் அழகாக இருக்காது. பழைய நகம் வளர்ந்து வெளியேறும் வரை பொறுமை வேண்டும்.

படி 9: பெரியவர்களின் கால் நகம்

வயதானால் கை நகம் மெலியும், கால் நகம் தடிக்கும். சிலருக்கு ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்து பக்கத்து விரலைக் குத்தும். அவர்களால் குனிந்து வெட்ட முடியாது, மற்றவரிடம் கேட்கக் கூச்சம். நீங்களாகக் கேளுங்கள்: “பாட்டி, காலைக் காட்டுங்க.”

வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவையுங்கள். சூட்டை முதலில் உங்கள் கையால் பாருங்கள், சர்க்கரை உள்ளவருக்குக் காலில் சூடு தெரியாது. விரலிடுக்கு வரை துடையுங்கள். நேராக, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள். ஓரத்தை உள்ளே வளைத்து வெட்டினால் நகக்கண்ணில் குத்தி வளரும். கால் மரத்துப்போனவர்களுக்கும், காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கும், மிகத் தடித்த நகத்துக்கும் வீட்டில் கத்தரியை எடுக்காதீர்கள். பாதப் பராமரிப்புப் பார்க்கும் இடத்துக்குக் கூட்டிப் போங்கள்.

படி 10: டாக்டரிடம் போகும்போது

கடலூரில் மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. பாண்டியில் இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனையும் கோரிமேடு ஜிப்மரும் இருக்கின்றன. எங்கே போனாலும் புற நோயாளிச் சீட்டுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், தோல் பிரிவு என்று கேளுங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரையின் அட்டையையும், தேதியோடு எடுத்த படங்களையும் கொண்டு போங்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

நகத்துக்கும் முடிக்கும் என்று பயோட்டின் மாத்திரை போடுகிறவர்கள் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். தைராய்டு பரிசோதனையையும், மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனையையும் அது தப்பாகக் காட்ட வைக்கும் என்று அமெரிக்க மருந்துத் துறை 2017இல் எச்சரித்தது. எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று டாக்டரையே கேட்டுக்கொள்ளுங்கள்.

பூஞ்சை சந்தேகத்துக்காகப் போகிறீர்கள் என்றால், முதல் நாள் ராத்திரி நகத்தைச் சுத்தமாக வெட்டிக்கொண்டு போகாதீர்கள். பரிசோதனைக்கு எடுக்க அவர்களுக்கு ஒரு துண்டு நகம் வேண்டும்.